ஈசி சேரா, ரிக்லைனரா? பாட்டு கேட்க எது?

சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டில் இரண்டும் இருக்கின்றன, ஆனால் ராத்திரி தறிச் சத்தம் ஓய்ந்த பிறகு நான் போய் உட்காருவது அப்பாவின் பழைய துணி ஈசி சேரில்தான். ரிக்லைனர் சொகுசு, இடுப்பு வலிக்காது, சரி. ஆனால் அதன் உயரமான மெத்தைச் சாய்மானம் தலையை இரண்டு பக்கமும் அணைத்துக்கொள்வதால் ஒலி காதருகே கொஞ்சம் அமுங்கியும் கொஞ்சம் எதிரொலித்தும் வருகிறது, வயலின் இந்தப் பக்கம் மிருதங்கம் அந்தப் பக்கம் என்று தனித்தனியாகக் கேட்கும் சுகம் குறைந்துவிடுகிறது. ஈசி சேரில் தலைக்குப் பின்னால் ஒற்றைத் துணிதான்!

அதற்கும் ஒரு குறை உண்டு. ரொம்பத் தாழ்வு, ஸ்பீக்கரில் உச்ச ஒலிகளைத் தரும் சின்னப் பகுதியான ட்வீட்டர் காதுக்கு மேலே போய்விடும், அதனால் ஸ்பீக்கரின் பின்பக்கம் மரக்கட்டை கொடுத்து முகத்தைச் சற்றுக் கீழே சாய்த்தேன். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே 6 அடி, அவை ஒவ்வொன்றிலிருந்தும் நாற்காலிக்கும் அதே 6 அடி. இந்த முக்கோணம் அமைந்ததும் பாடகர் நேர் எதிரே வந்து நின்றார்.

அப்புறம் சித்திரை வெயில். ரிக்லைனரின் ரெக்சின் உறை முதுகில் ஒட்டும், ஈசி சேரின் துணி ஒட்டாது. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில், அக்கா வீட்டுக்குப் போனால் மட்டும் போர்வையோடு ரிக்லைனர்தான்.