நான்கு ஆண்டுகளாக நானே கட்டும் லீடர்

பென்சில்வேனியாவில் ஸ்டேட் காலேஜ் என்ற ஊர்ப் பக்கம் ஓடும் ஸ்பிரிங் கிரீக்கில் செயற்கை ஈ கட்டித் தூண்டில் போட ஆரம்பித்து ஏழு வருடம் ஆகிறது. முதல் மூன்று வருடம் லைன் நுனியில் கட்ட, கடையில் விற்கும் முடிச்சில்லாத லீடர் நரம்பு. அதன்பின் நானே கட்டியதுதான்.

ஊரில் தங்கூஸில் ஈயக்குண்டு கட்டி வீசினால் குண்டின் எடை நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இங்கே ஈக்கு எடையே கிடையாது. தடித்த லைன் முன்னே போக, ஈ பின்னால் வருகிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பத்தடி நரம்புதான் லீடர். அது படிப்படியாக மெலிந்தால்தான் வீச்சின் வேகம் அடங்கி, ஈ மெல்லத் தண்ணீரில் அமரும்.

கடை லீடரில் என் குறை, அது கம்பி மாதிரி நேராக நீண்டு விழுந்ததுதான். ஓடையின் நடுவில் நீர் வேகம், கரையோரம் மெதுவு. நேராகக் கிடக்கும் நரம்பை நடுநீர் இழுத்தால் ஈயும் கூடவே இழுபடும். பிரவுன் ட்ரவுட் மீன் மேலே வந்து பார்த்துவிட்டு அப்படியே கீழே போய்விடும். இதே ஊரில், பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டுகள் இந்தக் கலையைக் கற்பித்த ஜார்ஜ் ஹார்வி இதற்காகவே லீடரின் கணக்கை மாற்றினார். லைனோடு சேரும் அடிப்பகுதி அவ்வளவு தடிக்க வேண்டாம். நுனி நீளமாக, மிருதுவான நைலானாக இருந்தால் வளைந்து வளைந்து விழும். அந்த வளைவுகள் நிமிரும் வரை ஈ தன்போக்கில் மிதக்கும்.

அதைத் தழுவி நான் கட்டுவது: 0.43 மி.மீ. தடிப்புள்ள நரம்பில் 10 அங்குலம், 0.38, 0.33, 0.28 மூன்றிலும் 20 அங்குலம், 0.23-இல் 12, 0.18-இல் 18, கடைசியாக 0.15-இல் 24. முதல் ஐந்து துண்டுக்கும் விறைப்பான நைலான், கடைசி இரண்டுக்கு மிருதுவானது. இணைப்பெல்லாம் பிளட் நாட் என்ற முடிச்சு.

முதல் வருடம் அவசரத்தில் 0.33-ஐயும் 0.20-ஐயும் நேராக இணைத்தேன். அந்தப் பருவத்தின் பெரிய மீன் அந்த முடிச்சிலேயே நழுவிப் போனது. வாயில் ஈயோடு அது போனது இன்றும் மனதை உறுத்துகிறது. தடிப்பு வேறுபாடு 0.05 மி.மீ.க்கு மேல் போனால் பிளட் நாட் சரியாகக் கவ்வாது. இறுக்கும் முன் எச்சிலில் நனைப்பதும் கட்டாயம். காய்ந்த நைலான் உரசிச் சூடேறி வலுவிழக்கும்.

செலவு மிச்சமா? ஆறேழு சுருள் நைலான் வாங்க வேண்டும், முதல் வருடம் மிச்சமில்லை. இப்போது இருக்கிறது. ஆனால் அதற்காக நான் கட்டவில்லை. ஈ விழும் விதம் பிடிக்காவிட்டால் கரையில் உட்கார்ந்து நுனியை அரை அடி கூட்டியோ குறைத்தோ சரிசெய்ய முடிகிறது. கடை லீடரிலும் நுனியை மாற்றலாம்தான்; அடியும் நடுவும் அவர்கள் வைத்த அளவுதான்.

குறை ஒன்று உண்டு. சுண்ணாம்புக்கல் ஊற்றுநீர் என்பதால் இந்த ஓடையில் பாசி அதிகம். கோடையில் ஒவ்வொரு முடிச்சிலும் அது சிக்கும். அதனால் ஜூலை, ஆகஸ்டில் முடிச்சில்லாத லீடருக்கே திரும்பிவிடுகிறேன். மே மாதம், மாலையில் சல்ஃபர் பூச்சிகள் நீரிலிருந்து எழும் வாரங்களில் மட்டும் என் லீடரைத் தவிர வேறெதையும் கட்டுவதில்லை. பையில் மூன்று சுற்றி வைத்திருக்கிறேன். ஒன்றில் நுனி 30 அங்குலம், காற்றே இல்லாத மாலைக்கு.