ஓப்பன்எஸ்எஸ்எல்லின் ‘பிரைம்’ கட்டளை: பயன்படுத்திப் பார்த்தவரின் கருத்து

கிருஷ்ணகிரியில் டிப்ளமோ பசங்களுக்கு கணினிப் பாடம் எடுக்கிறேன். பெரிய பகா எண்களை வைத்துச் சாவி உருவாக்கும் ஆர்எஸ்ஏ என்ற குறியாக்க முறை பற்றிச் சொல்லும்போது, பகா எண்ணைக் கண்ணால் காட்ட, ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க மென்பொருளில் பகா எண்ணை உருவாக்கவும் சோதிக்கவும் உள்ள ‘பிரைம்’ கட்டளையைவிட நல்ல கருவி எனக்குக் கிடைக்கவில்லை. இலவசம். உபுண்டு லினக்ஸ் போட்ட பழைய லேப்டாப்பிலும் ஓடுகிறது.

1024 பிட் (இரும இலக்கம்) நீளத்தில் பகா எண் கேட்டால் 309 இலக்க எண் ஒன்று திரையில் வந்து விழும். அந்த அளவில் ஒற்றைப்படை எண்களில் சராசரியாக 355-க்கு ஒன்றுதான் பகா எண். எனவே முதலில் சிறிய பகா எண்களால் வகுத்துப் பார்த்து, வகுபடுபவற்றை ஒதுக்குகிறது. தேறியவற்றை, பகா எண்தானா என்று சுற்றுச் சுற்றாகப் பார்க்கும் மில்லர்-ராபின் சோதனைக்கு அனுப்புகிறது. ஒரு சுற்றில் பகு எண் தப்பிக்கும் வாய்ப்பு அதிகபட்சம் நாலில் ஒன்று, ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0 பதிப்பில் 2048 பிட் வரை 64 சுற்று. இந்தக் கணக்கைப் பலகையில் போட்டதும் பசங்க முகத்தில் வந்த தெளிவு எனக்குப் பெரிய சந்தோஷம்.

குறையும் உண்டு. சோதிக்க 561 கொடுத்தால் ‘231’ என்று பதினாறடிமான (ஹெக்ஸ்) வடிவத்தை முதலில் காட்டி, அடைப்புக்குள்தான் 561 என்கிறது. புதியவர்கள் கட்டாயம் குழம்புவார்கள். பகா எண் இல்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. மூன்றால் வகுபடும் என்று ஒரு வரி சொன்னால் என்ன? சுற்றுகளைக் கூட்டிக் குறைக்கும் விருப்பமும் இப்போது பெயரளவுக்குத்தான், கொடுத்தாலும் கண்டுகொள்ளாது.

இன்னொன்று முக்கியம்: சோதனை எவ்வளவு கறாராக இருந்தாலும் பகா எண்ணைத் தேர்ந்தெடுக்க உதவும் தற்செயல் எண் எளிதில் ஊகிக்கக்கூடியதாக இருந்தால் குறியாக்கச் சாவி போச்சு. டெபியன் லினக்ஸின் ஓப்பன்எஸ்எஸ்எல் பதிப்பில் 2008-இல் வெளிச்சத்துக்கு வந்த பிழை அதுதான். மென்பொருளைப் புதுப்பித்தே வைத்திருங்கள்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம்.