தம்புச் செட்டித் தெரு கிளியரிங் ஏஜென்ட்: ஐந்துக்கு நாலு

பழைய துப்பாக்கிச் சாமான் எதையாவது வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைக்கும் யோசனை இருந்தால், பணம் கட்டுவதற்கு முன்பே, கஸ்டம்ஸில் சரக்கை விடுவித்துத் தருகிற ஒரு கிளியரிங் ஏஜென்டைப் பார்த்துவிடுங்கள். நான் பார்த்தவர் பாரிமுனையில், தம்புச் செட்டித் தெருவில் ஒரு மாடியில் இருக்கிறார். லிஃப்ட் கிடையாது. போனையும் எடுக்க மாட்டார்.

எங்கள் வீட்டில் தாத்தா காலத்துத் துப்பாக்கி ஒன்று லைசென்ஸோடு இருக்கிறது. குழல் வாயில் வெடிமருந்து போட்டு இடிக்கிற ரகம். அதன் குதிரை, அதாவது விசையை இழுத்தால் அடிக்கிற சுத்தி, உடைந்து கிடந்தது. இங்கிலாந்தில் ஒருவர் அதே மாதிரி விற்றுக்கொண்டிருந்தார்.

"அலமாரியில வைக்கவா, துப்பாக்கியில மாட்டவா?" என்றார் ஏஜென்ட்.

மாட்டத்தான் என்றேன்.

"அப்ப விட்டுடுங்க சார்."

1959 ஆயுதச் சட்டத்தை எடுத்துப் பிரித்தார். சின்ன உதிரி பாகம் கையில் இருந்தால் தப்பில்லை என்று 45ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் மற்ற பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் எண்ணம் இருக்கக் கூடாது. வெளிநாட்டிலிருந்து ஆயுதம் கொண்டுவர 10ஆம் பிரிவில் தனி லைசென்ஸ். 1898க்குள் செய்தது என்றால் பழம்பொருள் என்பது அமெரிக்கக் கணக்கு. இங்கே வருஷம் பேசாது. ரிப்பேர் செய்தாலும் சுடாது என்கிற நிலையில் இருந்தால்தான் பழைய ஆயுதத்துக்கு விலக்கு. இவ்வளவுக்கும் அவர் ஒரு பைசா வாங்கவில்லை. "பார்க்கிற ஆசைதான்னா எழும்பூர் மியூசியம் போங்க, தஞ்சாவூர் அரண்மனை ஆயுதமே இருக்கு" என்று ஒரு குத்தல் வேறு.

அப்புறம் அவர் மூலமாக வரவழைத்தது ஒரு வெடிமருந்துக் குடுவை. ஷெஃபீல்டு ஜேம்ஸ் டிக்சன் முத்திரை, செம்பு உடம்பு, பித்தளை மூடி. நுனியை விரலால் அடைத்து, குடுவையைக் கவிழ்த்து, நெம்புகோலை அழுத்தினால் மூக்குக் குழாய் நிறையும். விட்டால் அடிவாய் மூடிக்கொள்ளும். குழாயில் பிடிப்பதுதான் ஒரு வேட்டுக்கு அளவு. ஐ.சி.எஃப்பில் ஃபிட்டராக இருந்தவன் சொல்கிறேன், அந்த ஸ்பிரிங் இன்னமும் சுண்டுகிறது.

காலிக் குடுவை, கழுவியது, உள்ளே மருந்து இல்லை என்று பார்சல் சீட்டில் எழுதச் சொல்லி விற்றவருக்கு ஏஜென்டே மெயில் போட்டார். அப்படியும் கஸ்டம்ஸில் நிறுத்திப் படம் கேட்டார்கள். அவர்தான் போய்ப் பேசி எடுத்து வந்தார்.

ஒரு மார்க் குறைத்தது பில்லுக்காக. கேட்டால்தான் தருகிறார், அதுவும் முனகிக்கொண்டே. சனிக்கிழமை மதியத்துக்கு மேல் போகாதீர்கள், பூட்டியிருக்கும்.