மெல்லிய தூணா, தடித்த தூணா?

பழைய செடானை வைத்துக்கொள்வதா, புது எஸ்.யூ.வி. வாங்குவதா என்று திருப்பூரில் கேட்பவர்கள் மைலேஜைத்தான் பேசுகிறார்கள். முன்கண்ணாடியின் ஓரத் தூண்களைக் கவனிப்பவர் அரிது.

பார்வை: பழைய கார்களில் தூண் பெரும்பாலும் மெல்லியது. புதியவற்றில் தடிமனும் சரிவும் அதிகம். கண்ணிலிருந்து 70 செ.மீ. தள்ளி 10 செ.மீ. அகலத் தூண் இருந்தால், 7 மீட்டர் தொலைவில் இரு கண்களுக்கும் சேர்த்தே சுமார் 40 செ.மீ. மறைந்துவிடும். பனியன் கம்பெனி ஷிப்ட் முடிந்து சாலையைக் கடக்கும் ஒருவர் அதற்குள் அடங்கிவிடுவார். வலப்பக்கம் திரும்பும்போது காரின் வேகமும் அவர் நடையும் ஒத்துப்போனால், தூணை விட்டு அவர் வெளியே வரவே மாட்டார்.

உறுதி: கார் உருண்டால் கூரையைத் தாங்குவதில் தடித்த தூணுக்கே வெற்றி. பேச்சே வேண்டாம்.

செலவு: பக்கக் கண்ணாடியில் ஒட்டும் வட்டக் கண்ணாடி பின்புறத்தைத்தான் காட்டும், தூண் மறைப்பதற்கு உதவாது. தலையை முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்கக் காசு தேவையில்லை.

கடைவீதி, பள்ளிக்கூட வாசல் ஓட்டத்துக்குப் பழையதே போதும். அன்றாடம் சேலம் நெடுஞ்சாலை என்றால் புதியது. வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளும் உண்டென்றால், தூணருகே சிறு முக்கோண ஜன்னல் கண்ணாடி உள்ள வண்டியைத் தேடுங்கள். ஷோரூமிலேயே ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, உடன் வந்தவரை வலப்புறத் தூணுக்கு நேரே நடக்கச் சொல்லிப் பார்த்துவிடலாம்.