ஏற்காட்டு ஈரத்துல நிலக்கடலை – பல வருச அனுபவம்

கீழ சேலத்துல இருக்கறவங்களுக்கு இது பெரிய விஷயமா தெரியாது, ஆனா ஏற்காட்டுல குடியிருந்து பாத்தா தான் தெரியும், மழை புடிச்சு மூட்டம் எறங்கிட்டா உப்பே கசிஞ்சு நிக்கும், கடலை மட்டும் எப்டி தாங்கும். அதனால நாங்க உரிச்ச பருப்பு வாங்குறதே கம்மி, சேலத்துல செவ்வாப்பேட்டை பக்கம் போறப்ப ஓட்டோட காயா தான் வாங்குவோம். காய காதுகிட்ட வெச்சு குலுக்குனா உள்ள பருப்பு கலகலன்னு ஆடணும், சத்தமே இல்லன்னா ஒண்ணு ஈரம், இல்ல பொக்கு. ரெண்டு காய ஒடச்சு வாயில போட்டும் பாத்துருங்க, கடைக்காரர் ஒண்ணும் சொல்லமாட்டார்.

வீட்டுக்கு வந்ததும் வெயில் இருக்கற நாளா பாத்து காயப்போட்டு, ஆறுனப்பறம் சாக்குல கட்டி பலகை மேல வெக்கணும், தரையில, செவுத்த ஒட்டி வெக்கவே கூடாது. உரிச்சத டப்பால இறுக்கி மூடி ஃப்ரிட்ஜ்ல வெச்சுக்கலாம். பருப்புல கிட்டத்தட்ட பாதி எண்ணெய் தான், வெளிய கெடந்தா சீக்கிரமே சிக்கு வாடை வந்துரும், வறுத்ததுன்னா இன்னும் சீக்கிரம்.

பூஞ்சை விஷயத்துல மட்டும் யாரும் பாவம் பாக்காதீங்க ப்ளீஸ். பச்சையா பூத்தது, சுருங்கி கறுத்தது, கசக்கறது எல்லாம் தூக்கி போட்டுருங்க, ஏன்னா அதுல வர்ற அஃப்ளாடாக்சின் விஷம் நல்லா வறுத்தாலும் முழுசா போகாது, ஈரலுக்கு கெடுதல். 1960ல இங்கிலாந்துல லட்சம் வான்கோழி செத்துப்போச்சு, தீவனத்துல கலந்த கடலைப் புண்ணாக்குல பூஞ்சை, அத தேடிப்போய் தான் இந்த விஷத்தையே கண்டுபுடிச்சாங்க. நாம பத்து ரூவா கடலைய யோசிச்சுட்டு கொழந்தைக்கு குடுத்துரக்கூடாது.

சமையல்னு பாத்தா, பச்சக்கடலை வேகவெக்கிறப்ப ஒண்ணு கவனிங்க, ஏற்காடு சுமார் 1500 மீட்டர் ஒசரம், தண்ணி 95 டிகிரியிலயே கொதிச்சுரும், தெறந்த பாத்திரத்துல வெச்சா வேக ரொம்ப நேரமாகும், குக்கர் தான் சரி. உப்பு கொஞ்சம் தூக்கலா போட்டு, வெந்தப்பறமும் அந்த தண்ணியிலயே ஊறவிட்டீங்கன்னா தான் உள்ள பருப்பு வரைக்கும் உப்பு எறங்கும். வறுக்கறதுன்னா இரும்பு வாணலி, சின்ன தீ, பொறுமை. சட்னிக்கு வரமிளகா, பூண்டு, துளி புளி போதும், தேங்கா சேத்தா கடலை ருசி அமுங்கிரும்ங்கறது என் அபிப்பிராயம், எங்க வீட்டுல இதுக்கு எதிர்க்கட்சியும் இருக்கு.