வரிசையில் நிற்க முடியாத பிள்ளைக்கு எந்த ஏற்பாடு சரி?

தீம் பார்க்கில் ரைடு மூன்று நிமிடம், அதற்கு முன்னால் க்யூ ஒரு மணி நேரம். என் மகனுக்கு ஆட்டிசம். அந்த மூன்று நிமிடத்தை அவன் எங்கள் எல்லாரையும்விட நன்றாக ரசிப்பான். வளைந்து வளைந்து போகும் கம்பித் தடுப்புக்குள், முன்னும் பின்னும் ஆள் உரச, தலைக்கு மேல் ஸ்பீக்கர் அலற நிற்பதுதான் அவனால் ஆகாது. காதைப் பொத்திக்கொண்டு நெற்றியைக் கம்பியில் முட்ட ஆரம்பித்தான் என்றால் அன்றைக்கு வீடு திரும்ப வேண்டியதுதான்.

பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களுக்குப் பக்கத்தில் இருப்பது பிடதி வொண்டர்லா, மும்பைக்காரர்களுக்குக் கோப்போலி இமாஜிகா. இங்கே நாம் என்ன கேட்க வேண்டும் என்று தெளிவாக, மற்ற நாடுகளில் எதை எதைச் செய்து பார்த்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது நல்லது.

மாற்றுத்திறனாளி என்றதும் வேறு வாசல் வழியாக உடனே உள்ளே விடுவது ஒரு முறை. கேட்க நன்றாக இருக்கிறது. அமெரிக்க டிஸ்னி பார்க்குகளிலும் 2013 வரை கிட்டத்தட்ட இப்படித்தான் நடந்தது. பணக்காரக் குடும்பங்கள் மாற்றுத்திறனாளி ஒருவரை மணிக் கணக்கில் வாடகைக்கு அமர்த்தி க்யூவைத் தாண்டுகிறார்கள் என்று அந்த ஆண்டு செய்தி வந்தது. அக்டோபரில் அந்த முறையே போய்விட்டது. நம் ஊரிலும் சில இடங்களில் இப்படி விடுகிறார்கள். ஆனால் அது அன்றைக்கு வாசலில் நிற்கும் சூப்பர்வைசரின் மனசைப் பொறுத்தது. காலையில் கிடைத்தது மதியம் ஷிஃப்ட் மாறினால் கிடைக்காது.

அதற்குப் பதில் டிஸ்னி கொண்டுவந்தது, நேரம் குறித்துக் கொடுக்கும் முறை. க்யூவில் ஒரு மணி நேரம் என்று போர்டு சொன்னால், ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்து வரச் சொல்வார்கள். காத்திருப்பு அதேதான், கம்பிக்குள் நிற்க வேண்டாம், அவ்வளவுதான். நிழலில் உட்காரலாம், சாப்பிடலாம். திருப்பதியில் வயதானவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தனி நேரம் ஒதுக்குவதைப் பார்த்த நமக்கு இது புதிதே இல்லை.

என் ஓட்டு இதற்குத்தான். மற்றவர்களின் முறையை இது பறிப்பதில்லை, அதனால் யாரும் நம்மை முறைத்துப் பார்க்கவும் காரணமில்லை. எல்லா ஆட்டிசப் பிள்ளைகளுக்கும் இது போதும் என்றும் சொல்ல மாட்டேன். ஒரே வரிசைக்கிரமத்தில் ரைடுகளில் ஏறினால்தான் அமைதியாக இருக்கும் பிள்ளைகள் உண்டு; அவர்களிடம் ‘அப்புறம் வரலாம்’ என்பது எடுபடாது. அப்படிப்பட்ட குடும்பங்கள் டிஸ்னி மீது வழக்குப் போட்டன. ஒரு வழக்கில் 2020-இல் தீர்ப்பு டிஸ்னி பக்கம் போனது.

2024-இல் டிஸ்னி இதை இன்னும் இறுக்கியது. ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கே முக்கியமாக இந்த ஏற்பாடு என்றார்கள். முன்கூட்டியே வீடியோ அழைப்பில் பேச வேண்டும், பொய் சொன்னால் நிரந்தரத் தடை. குடல் நோயால் அடிக்கடி கழிவறைக்கு ஓட வேண்டியவர்களுக்கு, க்யூவை விட்டு வெளியே போய்த் திரும்பிச் சேர்ந்துகொள்ளும் வழியைக் காட்டினார்கள். தனியாக வந்தவருக்கு அதில் என்ன நிம்மதி இருக்கும்?

யூனிவர்சல் பார்க்குகளில் நேரம் குறிப்பதோடு ஒரு நல்ல சேர்க்கை: காத்திருப்பு அரை மணிக்குக் குறைவாக இருந்தால் உடனே உள்ளே விடுகிறார்கள். ஆனால் வெளி நிறுவனம் ஒன்றிடம் சான்றுகளை ஆன்லைனில் கொடுத்து முன்பே பதிய வேண்டும்.

காசு கொடுத்துத் தாண்டும் வழி நம் பார்க்குகளிலும் உண்டு. வொண்டர்லாவில் ஃபாஸ்ட்ராக், இமாஜிகாவில் எக்ஸ்பிரஸ். அவசரத்துக்கு நானும் வாங்குவேன். ஆனால் பிள்ளை தனியாகப் போக முடியாது, கூட வருகிறவருக்கும் சேர்த்து வாங்க வேண்டும். வெளியூர்ப் பார்க் ஒன்றில் உதவி கேட்டபோது, “பையன் நல்லாத்தானே இருக்கான், வேணும்னா ஃபாஸ்ட் டிக்கெட் வாங்கிக்கோங்க” என்றார்கள். குறைபாடு இருப்பதற்காக ஒரு குடும்பம் கூடுதல் கட்டணம் கட்டுவது எந்த விதத்திலும் நியாயமில்லை. இதை வசதி என்ற கணக்கிலேயே நான் சேர்க்க மாட்டேன்.

சான்றுக்கு நாம் வீடியோ அழைப்பையும் வெளி நிறுவனத்தையும் தேட வேண்டியதில்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது, ஆட்டிசம் அதில் ஒன்று. மாற்றுத்திறனாளிகளுக்கு மத்திய அரசு தரும் அடையாள அட்டையான யூ.டி.ஐ.டி நாடு முழுக்கச் செல்லும். வாசலில் அந்த அட்டையைப் பார்த்து ஒரு சீட்டு கொடுத்தால் போதும். ஒவ்வொரு ரைடிலும் ஊழியர் அதில் திரும்பி வரும் நேரத்தைப் பேனாவால் எழுதலாம். ஆப் எதுவும் தேவையில்லை. அரை மணிக்குக் குறைந்தால் நேரே உள்ளே என்ற யூனிவர்சல் விதியையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அதுவரை, போவதற்கு முன் பார்க்குக்கு மின்னஞ்சல் அனுப்பி, “திரும்பி வரும் நேரம் குறித்துக் கொடுப்பீர்களா?” என்று நேராகக் கேளுங்கள். ‘சலுகை உண்டா’ என்று கேட்டால் டிக்கெட் தள்ளுபடியைப் பற்றித்தான் பதில் வரும். வந்த பதிலை அச்செடுத்து யூ.டி.ஐ.டி அட்டையோடு வைத்துக்கொண்டால், ஷிஃப்ட் மாறினாலும் காட்ட ஒன்று கையில் இருக்கும்.