புளியா, மண்ணெண்ணெயா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் எங்கள் குத்துவிளக்கு பாட்டியின் சீதனம். தைப்பூசத்துக்குத் தைப்பூசம் பாலிஷ் போட்டுத் துடைத்ததில், அன்னத்தின் இறகு வரிகளுக்குள் வெள்ளை மாவு இறுகிக் கிடந்தது.

அம்மாவின் கை புளிக்குத்தான் போகும். கறுப்பையும் பச்சைக் களிம்பையும் அதன் அமிலம் கரைத்துவிடும். அதில் புளியை மிஞ்ச ஆளில்லை. ஆனால் இந்த வெள்ளை வேறு. பாலிஷிலுள்ள நுண்ணிய தேய்ப்புத்தூள் எண்ணெய்ப் பசையோடு சேர்ந்து காய்ந்தது அது, புளிக்கு அசையாது. பிடிவாதமாக இரவு முழுவதும் அப்பிவைத்தால் பித்தளையிலுள்ள துத்தநாகம் கரைந்து செம்பு மேலெழும். எங்கள் விளக்கின் பாதத்தில் அப்படியொரு இளஞ்சிவப்புத் திட்டு இன்னும் இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் மனம் வலிக்கிறது.

மண்ணெண்ணெய் அந்தப் பசையையே இளக்குகிறது. இங்கே பாரஃபின் என்று கேட்டால் எளிதில் கிடைக்கும். துணியில் நனைத்துக் கால்மணி நேரம் சுற்றிவைத்து, பழைய பல் பிரஷால் வரிவரியாகத் தேய்த்தேன். சாம்பல் நிறச் சேறு வழிந்தது. மூங்கில் குச்சியால் நெருடியதும் அன்னத்தின் கண் திறந்தது. ஊசி மட்டும் வேண்டாம், பித்தளை கீறிவிடும்.

வாடை பொல்லாதது, அருகே நெருப்பும் கூடாது. சோப்பும் வெந்நீரும் கொண்டு இருமுறை கழுவி, நன்றாகக் காய்ந்த பின்பே திரியிட வேண்டும்.

என் ஓட்டு மண்ணெண்ணெய்க்கே. மிஞ்சிய கறுப்புக்குப் புளி, அதுவும் ஐந்தே நிமிடம்.